ஒன்பது வீட்டுக் குழாய்

மழை பிடித்த மூன்றாம் நாள்
பின்வளவு மேன்ஹோல் மூடி
மெல்ல எழும்பி ஒருமுறை இருமியது.
பிறகு பொங்கியது.

பொங்கி வழிந்தால் நல்லது என்கிற சனம் நாங்கள்.
எந்தப் பக்கம் வழிகிறதென்று
பழக்கதோஷத்தில் பார்த்தேன்.
கிழக்கு.
டொரீனின் ரோசாப் பாத்தி.

போல்டனில், ஒட்டிக் கட்டிய ஒன்பது வீடுகள்.
முன்னால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நிறம், ஒரு மணி.
பின்னால், மண்ணுக்கு நாலடி கீழே,
எல்லாருக்கும் ஒரே குழாய்.
பதினொரு வருடமாய் ‘மோர்னிங்’ தாண்டிப் பேசாத நாங்கள்
அதற்குள்தான்
நாள் தவறாமல் கலந்திருக்கிறோம்.

கவுன்சிலுக்கு எடுத்தேன்.
தண்ணீர்க் கொம்பனியைக் கேள் என்றார்கள்.
மழைத் தண்ணீரென்றால் றோட்டுக்காரர் என்றது கொம்பனி.
றோட்டுக்காரர் கேட்டார்:
மூடி வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?
வேலி போன வருடக் காற்றோடு போய்விட்டது என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.
ஒவ்வொருவரிடமும் காத்திருக்க ஒரு வயலின்.
ஒரு கையில் போன், மற்றதில் வாளி,
நாற்பது நிமிடம் கச்சேரி கேட்டேன்.

அதற்குள் கதை கிளம்பிவிட்டது.
ஏழாம் இலக்கத்தில் எந்நேரமும் பொரியல்,
எண்ணெய்தான் அடைத்திருக்கிறது.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
இம்தியாஸ் மட்டும் மதிலுக்கு மேலால் எட்டி,
“போன தடவை என்னைச் சொன்னார்கள்” என்றான்,
முறை மாறியதில் கொஞ்சம் சந்தோசமாய்.
ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இங்கே வார்ப்பிரும்பு மூடி இருந்தது.
அதுவே மூடவில்லை.

இன்றைக்கு வடை வேண்டாம் என்றார் தயாபரன்.
சுட்டேன்.
எண்ணெயை ஆறவிட்டு, ஜாம் போத்தலில் ஊற்றி,
எல்லார் கண்ணிலும் படக் குப்பைத் தொட்டியில் வைத்தேன்,
எப்போதும் அப்படிச் செய்பவள் போல.

சனிக்கிழமை வான் வந்தது.
டேரில் என்ற பெடியன் குழாய்க்குள் கமரா விட்டான்.
ஒன்பது வீடும் சப்பாத்தும் குடையுமாய்
ஒரு சின்னத் திரையைச் சுற்றி.

ஆஸ்பத்திரியில் எனக்கு இதே வேலை,
பதினாறு வருடமாய்,
குடலுக்குள் கமரா.
எதைக் கண்டாலும் முகம் அசையக் கூடாது.

முடிபோல் வேர். ஒரு பொம்மைக் கார்.
என் வீட்டு மூட்டில் மஞ்சளாய் ஒரு படலம்.
குடைகள் அசையவில்லை.
கமரா அதைத் தாண்டிப் போனது.
அடுத்தது டொரீனின் ரோசாவுக்குக் கீழே.
அங்கே நின்றது.

சாம்பல் நிறத்தில், கொண்டைபோல் முறுகி,
ஈரத்துடைப்பான்கள். நூற்றுக்கணக்கில்.
“யார் வீட்டிலாவது குழந்தையா?” டேரில் சிரித்தான்.
குழந்தைக்கானவை அல்ல.
அந்தத் தடிப்பு, அந்த அகலம்,
வார்ட்டில் பெட்டி பெட்டியாய் நான் உடைப்பவை.

சுவருக்கு அப்பால் மேல்மாடியில்
பகல் முழுக்கப் பாடும் ரேடியோ.
டொரீனுக்குக் காது மந்தம் என்றே நினைத்திருந்தேன்.
வோல்டரை எப்போது கடைசியாய்க் கண்டேன்?
கோவிட்டுக்கு முன்னா?

டொரீன் திரையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
“எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்” என்றேன்.
“சும்மா இழுத்துப் போடு, தம்பி.”

செவ்வாய் காலை ஒன்பதாம் இலக்கத்து மணியை அடித்தேன்.
“அவற்றை எடுத்துப்போகக் கவுன்சில் வான் வரும்.
பதிய ஒரு நம்பர் இருக்கிறது.
வயலின் கொஞ்சம் நீளம்.
நான் இருக்கிறேன்.”

கதவு பாதி திறந்தபடி நின்றது, பிறகு முழுதாய்.
கேத்தலை வைத்தாள். போனை மேசையில் படுக்க வைத்தோம்.
மேலே ரேடியோ, கீழே வயலின்.
வரிசையில் நீங்கள் பதினேழாவது ஆள்
என்றது குரல்.